நான் வரைந்து முடித்த கண்கள்

தம்பி,

இங்கே நானும் அம்மாவும் இருக்கிறபடி இருக்கிறோம். போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரிப்பா, வெச்சிடறேன்" என்று சொல்லிவிடுவாய், நானும் தப்பித்தோம் என்று வைத்துவிடுவேன். இந்தத் தடவை அப்படித் தப்பிக்கக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். கொஞ்சம் பொறுமையாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை பவித்ரா போன் செய்தாள். உனக்கு நிச்சயம் செய்திருக்கிற பெண் உனக்குத் தெரியாமல் எனக்குப் பேசினாள் என்று அவள்மேல் கோபப்படாதே. அவள் கேட்டது நியாயமான கேள்வி. "மாமா, தப்பா நெனைக்காதீங்க. கல்யாணத்த சென்னையிலயே வெச்சிக்கலாம், அத்தை வர வேணாம், வூட்லருந்தே போன்ல பாக்கட்டும்ங்கறாரு. பெத்த அம்மா இல்லாம எப்படின்னு கேட்டேன். நான்தான் கொரோனாவ வூட்டுக்குக் கொண்டுபோனேன், என்னாலதான் அம்மாவுக்குக் கையும் காலும் போச்சு, அத்தனை பேர் இருமற கூட்டத்துல அவங்கள உக்கார வெச்சி மறுபடி அந்தப் பாவத்தச் செய்ய மாட்டேன்னு சொல்றாரு. நெசமாவே அவராலதானா மாமா?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. பதில் எனக்கு ஐந்து வருஷமாகத் தெரியும்.

இந்த ஐந்து வருஷத்தில் நீ நம் வீட்டில் ஒரு ராத்திரிகூடப் படுக்கவில்லை. காலை ரயிலில் வருவாய், மாஸ்க்கைக் கழற்றாமல் வாசல்படியில் நின்று அம்மாவிடம் பத்து நிமிஷம் பேசுவாய், பழமும் மாத்திரையும் வைத்துவிட்டுச் சாயங்கால ரயிலுக்குப் போய்விடுவாய். "உள்ள வாடா" என்று அவள் கூப்பிட்டால், ஆபீஸில் ஒருத்தனுக்குச் சளி என்பாய். உன் ஆபீஸில் வருஷம் முழுக்க ஒருத்தனுக்குச் சளி. பையன் ஜாக்கிரதையாக இருக்கிறான் என்று நான் அம்மாவிடம் சொல்லி வைத்தேன். அதில் பாதிதான் உண்மை என்று எனக்குத் தெரிந்தேதான் சொன்னேன்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் முப்பது வருஷமாகத் தரம் பார்க்கிற வேலை. ஜாடியைச் சின்னக் குச்சியால் தட்டினால் வருகிற சத்தத்திலேயே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். விரிசல் இருக்கிறது என்று சொல்வது பாதி வேலைதான். அது எங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டும். விரிசலின் ஓரத்தில் கிளேஸ், அதாவது மேலே பூசுகிற கண்ணாடிப் பூச்சு, வழிந்து மழுங்கியிருந்தால் அது சூளையில் பூச்சு உருகுவதற்கு முன்பே இருந்த விரிசல். ஓரம் பிளேடு மாதிரி கூர்மையாக இருந்தால் நெருப்பை அணைத்த பிறகு, ஆறும்போது விழுந்தது. முதலாவது மண் பிரிவின் தலையில் விழும், இரண்டாவது சூளைக்காரர்கள் தலையில். ஒரு லாட் சரக்கு கெட்டுப்போனால் எல்லோரையும் கூட்டி வைத்து நான்தான் சொல்லுவேன். என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். நீ ஏழாவது படிக்கும்போது உன் சைக்கிள் வாரம் ஒரு முறை பஞ்சர் ஆகும். நான் ட்யூபைத் தண்ணீரில் முக்கி, முள் வெளியிலிருந்து வந்ததா, ரிம்மிலிருந்து கம்பி குத்தியதா என்று அரைமணி நேரம் ஆராய்ச்சி செய்வேன். நீ ஸ்கூல் பையோடு நின்றுகொண்டிருப்பாய். "ட்யூப்ப ஒட்டி அனுப்புங்க, கேஸ் நடத்தாதீங்க" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள். எதற்கும் காரணம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்டவன் அம்மாவுக்கு வந்த பக்கவாதத்துக்கு மட்டும் காரணம் தேடாமல் இருந்திருப்பேனா? தேடினேன். தேடியதை எல்லாம் உனக்குச் சொல்லப்போகிறேன். கண்டுபிடித்ததில் ஒன்றை மட்டும் உன்னிடம் மறைத்தேன், அதையும் சொல்லப்போகிறேன்.

முதலில் நீ ஊருக்கு வந்த நாள். இரண்டாவது அலை. உன் கம்பெனியை மூடிவிட்டார்கள், மேன்ஷனில் சாப்பாடு இல்லை என்று போன் செய்தாய். காய்கறி வண்டியில் ஏறி வேப்பூர் வரைக்கும் வந்துவிட்டாய், அங்கே இருந்து நான்தான் டிவிஎஸ்ஸில் கூட்டி வந்தேன். நீ எட்டி நின்று, "நான் நடந்தே வரேம்பா, கூட ஒக்கார வேணாம்" என்றாய். "இருபது கிலோமீட்டர் நடப்பியா, ஏறு வண்டியில" என்று அதட்டினேன். என்னைத் தனி அறையில் விட்டுவிடுங்கள் என்று நீ சொன்னபோது, சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போக மாட்டேன் என்று அடம் பிடித்தவள் அம்மா. மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல், அடுத்த வாரம் அவளுக்கு. அதே வாரத்தில் எங்கள் கம்பெனியில் மண் கலக்குகிற இரண்டு பேருக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது, அவர்களோடு நின்று தினம் டீ குடித்தவன் நான். நம் தெருவில் இருமாத வீடு இல்லை. யார் வழியாக அவளுக்கு வந்தது என்று எந்தக் குச்சியால் தட்டினாலும் சத்தம் வராது, தம்பி.

உனக்குத்தான் காய்ச்சல் கடுமை. அவளுக்கு நாலு நாள் உடம்பு வலி, ஒரு நாள் ருசி இல்லை, அவ்வளவுதான். நீ தேறிச் சென்னைக்குப் போன பிறகு, "கண்டத்தத் தாண்டிட்டோம்" என்று தெருவெல்லாம் சொன்னாள். கம்பெனி மெல்லத் திறந்தது. பிள்ளையார் சதுர்த்திக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று முதலாளி சொன்னார். பழையபடி சின்ன வெள்ளைப் பீங்கான் பிள்ளையார்களை, அம்மா வர்ணம் தீட்ட, ட்ரே ட்ரேயாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண், கிரீடத்தில் பொன் கோடு, தந்தத்தின் நுனியில் ஒரு தீற்றல், காலடியில் மூஞ்சூறு. அம்மாவின் கைக்கு நிகராகக் கண் வரைய எங்கள் தொழிற்பேட்டையிலேயே ஆள் கிடையாது. முடித்ததை நான் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கம்பெனிக்குக் கொண்டுபோவேன்.

காய்ச்சல் விட்டு மூன்று வாரம் இருக்கும். ஒரு சாயங்காலம் ட்ரேயைப் பார்க்கிறேன், நமக்கு இடப்பக்கமாக இருக்கிற ஒரு வரிசையை அவள் தொடவே இல்லை. மற்ற பொம்மைகளுக்கும் ஒரே கண்தான். எல்லாவற்றிலும் நமக்கு வலப்பக்கக் கண் இருக்கிறது, இடப்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. கிரீடத்துக் கோடு பாதியில் நிற்கிறது. "என்னா இது, ஒத்தக் கண்ணு போட்டு வெச்சிருக்கற?" என்றேன். "எல்லாத்துக்கும் போட்டாச்சு. உங்களுக்குத்தான் கண்ணு தெரியல" என்றாள். பொய் சொல்கிற முகமே இல்லை. காய்ச்சல் அசதி என்று நினைத்தேன். முதலாளி பார்த்தால் அவள் வேலையைக் குறை சொல்வார், அடுத்த ட்ரேயை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். தூரிகையை எடுத்து விட்டுப்போன கண்களை நானே வரைந்தேன். எனக்கு என்ன கண் வரும்? பிள்ளையார்கள் எல்லாம் மாறுகண்ணோடு போனார்கள்.

மறுநாளும் அப்படியே. அன்று காலையில் மூன்று இட்லி வைத்தேன், இரண்டைத் தின்றாள். "சட்னியே வெக்கலியே" என்றாள். சட்னி தட்டின் இடது ஓரத்தில் இருந்தது. நான் தட்டைத் திருப்பி வைத்தேன். "இப்பதான வெச்சீங்க?" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு ஆறவில்லை. கம்பெனியில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு: ஒரு லாட் முழுக்க ஒரே பக்கம் தப்பு வந்தால் பொம்மையைப் பார்க்காதே, எங்கே இருந்து வந்ததோ அந்த இடத்தைப் பார். முப்பது வருஷம் சொன்னேன். என் வீட்டில் நடந்தபோது பொம்மையை மட்டும் பார்த்துக்கொண்டு, இரண்டாவது நாளும் கண் வரைந்தேன்.

மூன்றாம் நாள் காலை அம்மா குளித்துவிட்டு வரும்போது இடது கால் மடங்கி விழுந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இங்கே அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் ஓடி வந்து முதலில் கேட்ட கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?" தம்பி, நான் கடைசியாக எப்போது அவளை நல்லபடி பார்த்தேன்? மூன்று நாளுக்கு முன்னால். என் வாயிலிருந்து வந்தது வேறு. "இன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு நல்லாத்தான் இருந்தாங்க சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அதுவரைக்கும் சும்மாவா இருந்தீர்கள் என்று கேட்பார்களே என்ற வெட்கம். தரம் பார்க்கிறவன், தப்பைக் கண்டுபிடிக்கிறவன், வீட்டில் கோட்டை விட்டான் என்று ஒரு சின்னப் பையன் டாக்டருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற வீம்பு. அவர், "நேரம் இருக்கு, நேரம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் அம்மா ஒருவர் வெளியே வந்தார். அமைதியான ஆள். "ஐயா, இது இன்னிக்குக் காலையில வந்தது இல்லைங்க. படத்துல பார்த்தாலே தெரியுது. ரெண்டு மூணு நாளாவது ஆயிருக்கும். உள்ள இன்னும் பழசா சின்னச் சின்ன அடைப்புங்ககூட இருக்குது. உண்மையச் சொல்லுங்க" என்றார். விரிசலின் ஓரத்தைப் பார்த்து வயசு சொல்கிற வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். பிள்ளையார் கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அடைப்பைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறதாம். அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால் பலன். நாள் கடந்த பிறகு போட்டால் மூளையில் ரத்தம் கசிந்துவிடலாம். "நீங்க சொன்ன நேரத்த மட்டும் நம்பிப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். முதல் நாள் சாயங்காலமே கொண்டுவந்திருந்தால் அந்த ஊசி உதவியிருக்குமா என்று நான் கேட்டேன். "சொல்ல முடியாது. ஆனா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார்.

அன்று இருட்டுவதற்கு முன் நீ சென்னையிலிருந்து வந்துவிட்டாய். ஆஸ்பத்திரி கேட்டில் என்னைப் பார்த்ததும், "டாக்டர் என்னப்பா சொன்னாங்க? எதனாலயாம்?" என்று கேட்டாய். டாக்டர் சொன்னது நிறைய. பிரஷர் என்று சொன்னார், கொரோனாவும் காரணமாக இருக்கலாம் என்று சொன்னார், நேரம் போய்விட்டது என்று சொன்னார். நான் உனக்குச் சொன்னது ஒரே வரி. "கொரோனாவாலதான்ங்கறாங்க." உன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாய். பிறகு என்னைவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றாய். அதை நான் பார்த்தேன், தம்பி. பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். என்மேல் விழ வேண்டிய பார்வை உன் பக்கம் திரும்பியதில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு மாதாமாதம் அம்மாவைக் காட்டப் போகும்போதெல்லாம் அந்த டாக்டரம்மாவிடம் கேள்வி கேட்பதே எனக்கு வேலையாகிவிட்டது. வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள், "பெரியவரே, டாக்டருக்கே பரீட்சை வெக்கறீங்களா?" என்பார்கள். மூக்கிலும் நெஞ்சிலும் வருகிற நோய் மண்டைக்கு எப்படிப் போனது என்று கேட்டேன். அந்தக் கிருமி வெறும் நுரையீரல் சமாச்சாரம் இல்லை என்றார். உடம்பு அதை எதிர்க்கிற வேகத்தில் ரத்தக் குழாயின் உள்தோல் வீங்கிப் புண்ணாகிறது, ரத்தம் சட்டென்று உறைகிற பக்குவத்துக்கு வருகிறது, உறைந்த ஒரு சின்னக் கட்டி மூளைக்குப் போகிற குழாயை அடைத்தால் பக்கவாதம் என்றார். காய்ச்சல் விட்டு மூன்று வாரம் கழித்து எப்படி வரும் என்று கேட்டேன். காய்ச்சல் விட்டாலும் குழாயின் வீக்கம் உடனே வடிந்துவிடாது, சில பேருக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட அந்த ஆபத்து கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்றார். எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. "எங்க சூளையிலயும் அப்படித்தாங்கம்மா. நெருப்ப அணைச்ச பொறவு ஆறும்போதுதான் நெறைய வெடிக்கும்" என்றேன். "சரிதான். ஆனா ரத்தம் களிமண் இல்லீங்க ஐயா, ரொம்ப இழுக்காதீங்க" என்று சிரித்தார்.

என் மகனுக்குத்தானே காய்ச்சல் கடுமை, அவனுக்கு ஏன் வரவில்லை என்றும் கேட்டேன். வயசு, பிரஷர், சர்க்கரை, ஏற்கெனவே குழாய் எந்த நிலையில் இருந்தது, எல்லாம் சேர்ந்துதான் என்றார். கொரோனா வந்தவர்களில் ரொம்பப் பேருக்குப் பக்கவாதம் வருவதில்லை. அப்போதுதான் அம்மாவின் மாத்திரை ஞாபகம் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே தெருமுனை முகாமில் அவளுக்குப் பிரஷர் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் போட்டாள். "தலசுத்தலே இல்ல, இன்னும் எதுக்கு இத முழுங்கணும்" என்று நிறுத்தினாள். "சரி, வுடு" என்று சொன்னவன் நான். ஸ்கேனில் பழைய அடைப்புகள் இருந்தன என்று சொன்னேனே, அவை நீ வேப்பூரில் வண்டி ஏறுவதற்கு ரொம்ப நாள் முன்பே வந்தவை.

கடைசியாக நேராகவே கேட்டேன். "அப்ப இது கொரோனாவா, பிரஷரா? ஒண்ணச் சொல்லுங்கம்மா." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆயிரக்கணக்கான பேர ஒண்ணா வெச்சிப் பார்க்கும்போது கொரோனா வந்த பொறவு பக்கவாதம் கூடுதலா வருதுன்னு தெரியுது. ஆனா இந்த ஒருத்தருக்கு இதாலதான் வந்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுங்க. பிரஷர் தனியாவே செஞ்சிருக்கலாம். கொரோனா ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம். ரெண்டும் சேர்ந்திருக்கலாம்." எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. கம்பெனியில் இப்படிச் சொன்னால் விடுவார்களா? எந்தப் பிரிவு என்று எழுதியாக வேண்டும். ஆனால் யோசிக்க யோசிக்க, படித்த அந்த அம்மாள் தெரியாததைத் தெரியாது என்கிறார், நான் ஆஸ்பத்திரி கேட்டில் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டேன் என்று உறைத்தது. உறைத்த அன்றே உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். அடுத்த தடவை வரும்போது சொல்லலாம் என்று தள்ளினேன். நீ வந்து வாசலில் நின்றாய், அவசரமாகப் போனாய், நான் இன்னொரு தடவை தள்ளினேன். நல்லது செய்யாவிட்டாலும் கெட்டது செய்யவில்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கெட்டதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அம்மா இப்போது எப்படி இருக்கிறாள் என்று வாசலில் நின்று பார்த்து உனக்குப் பாதிதான் தெரியும். கம்பு ஊன்றி நடக்கிறாள். இடது கை இன்னும் மடக்கினபடியேதான். இடப்பக்கம் ஒன்று இருக்கிறது என்பதை மூளை மறந்துவிட்டதாம், அதை மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள். ட்ரேயின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு டேப் ஒட்டி, அது தெரிகிற வரைக்கும் தலையைத் திருப்பச் சொன்னாள். அந்த டேப்பை அம்மா ஆரம்பத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். இப்போது தானாகத் திரும்புகிறாள். போன சதுர்த்திக்கு இரண்டு ட்ரே முடித்தாள், இரண்டு கண்ணோடு. பிரஷர் மாத்திரையை ஒரு நாள் மறந்தாலும் நான் வீட்டை இரண்டாக்கிவிடுகிறேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பா ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது கொஞ்சம்தான். இரண்டு ஜாதகத்தையும் பார்த்தாகிவிட்டது, இரண்டு பேரும் போய் பிரஷரையும் பார்த்துவிட்டு வாருங்கள். உனக்கு முப்பது ஆகிறது, அம்மாவின் ரத்தம் உனக்கும் இருக்கிறது. பவித்ராவோ வேறு யாரோ திடீரென்று வாய் கோணினாலும், கை துவண்டாலும், பேச்சு குழறினாலும், எப்போதும் செய்கிற வேலையில் பாதியை விட்டாலும், அவர்கள் எனக்கு ஒன்றும் இல்லை என்று சத்தியமே பண்ணினாலும் நம்பாதே. கடிகாரத்தைப் பார், வண்டியைக் கூப்பிடு, டாக்டரிடம் நேரத்தை உள்ளபடி சொல். அதோடு, அவள் வேலையில் தப்பு தெரிந்தால் நீ உட்கார்ந்து சரிசெய்துவிட்டுப் போகாதே. ஏன் என்று கேள். என் மாதிரி எல்லாவற்றுக்கும் ஏன் கேட்கிறவனாக இருந்தால் மட்டும் போதாது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும்.

பவித்ராவிடம் பேசி நாலு நாள் இதை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். நேற்றுக் காலை காப்பி குடிக்கும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண் வரைந்தது, ஆஸ்பத்திரியில் நேரத்தை மாற்றிச் சொன்னது, உன்னிடம் சொன்ன அந்த ஒரு வரி, நீ இத்தனை வருஷமாக ஏன் உள்ளே வருவதில்லை என்பது, கல்யாணத்துக்கு அவள் வர வேண்டாம் என்று நீ சொல்வது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குப் பதிலா எத்தினி பொம்மைக்குக் கண்ணு போட்டீங்க?" என்றாள். ஐம்பது, அறுபது இருக்கும் என்றேன். தன் கை காலைப் பற்றிக் கேட்பாள், அழுவாள், அடிப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவள் சொன்னது இதுதான்: "என்ன வுடுங்க. எனக்கு வர வேண்டியது வந்துச்சு. எம்புள்ளைய அஞ்சு வருஷமா வெளிய நிக்க வெச்சிட்டு, உங்களுக்கு எப்படிங்க தூக்கம் வந்துச்சு?"

அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. நேற்று முழுக்க இல்லை. இன்று நான் இதை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, படிக்கச் சொன்னாள். இதுவரைக்கும் எழுதியதைப் படித்துக் காட்டினேன். நான் பயந்துபோயிருந்தேன், அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை, அதனால்தான் இரண்டு நாள் தாமதம் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். "அத எடுத்துடுங்க" என்றாள். எடுத்துவிட்டேன். மடித்துக் கவரில் போடப் போனேன். "தபால்ல ஒண்ணும் போட வேணாம். நாமளே எடுத்துக்கிட்டுப் போவலாம். நாளைக்குக் காலம்பர ரயிலு. உங்கள என்னா பண்றதுன்னு அப்பறம் பாத்துக்கறேன்" என்றாள். ஐந்து வருஷமாக ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெங்கும் போகாதவள் இப்போது பையில் புடவை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கையால் மடிக்கிறாள், நான் உதவப் போனால் தள்ளிவிடுகிறாள்.

ஆக, நீ இதைப் படிக்கும்போது நாங்கள் உன் எதிரில்தான் இருப்போம். எழுந்து போய்விடாதே, மாஸ்க்கைத் தேடாதே. உன்னால் இல்லை என்று சத்தியம் செய்ய என்னாலும் முடியாது, உன்னால்தான் என்று சொல்ல இந்த உலகத்தில் யாராலும் முடியாது. என்னால் ஆனது எது என்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரியும், அதை எழுதிவிட்டேன். என்னைத் திட்டுவதானால் பிறகு நிதானமாகத் திட்டு, நான் எங்கும் போக மாட்டேன். முதலில் அம்மாவுக்குச் சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுத்து அவள் பக்கத்தில் உட்கார். உன் வீட்டில்தான் சாப்பிடுவேன் என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருப்பாள்.

அப்பா